யார் ஆட்சியில் யார் துரோகி?

கே.ஜி.கண்டிகைக்காரர்களுக்கு டவுன் என்றால் திருத்தணிதான். அந்தத் திருத்தணியில் 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை ஆண்டுக்கு ஒரு நாள் பள்ளிக்கூடங்களில் நினைக்கிறோம். படத்துக்கு மாலை போடுகிறோம், ஆசிரியர்களுக்கு வாழ்த்துச் சொல்கிறோம். அவரைப் பற்றிய இன்னொரு செய்தியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்வதே இல்லை. அவர் குடியரசுத் தலைவராகி ஐந்தே மாதத்தில், 1962 அக்டோபர் 20-ஆம் தேதி, சீனப் போர் மூண்டது. எதிரியை எளிதில் நம்பிவிட்டதும் அலட்சியமாக இருந்ததும்தான் இந்த நிலைக்குக் காரணம் என்று தம்முடைய அரசையே குறை சொன்னவர் அவர். முப்படைகளுக்கும் தலைவராக இருந்தவர் சொன்ன சொல் அது. அதற்காக அவரை யாரும் சீனாவின் கைக்கூலி என்று ஏசவில்லை.

அதே போரில், வடகிழக்கு எல்லையில் நம் வீரர்கள் பின்வாங்கிக்கொண்டிருந்தபோதே நாடாளுமன்றத்தைக் கூட்டச் சொன்னார் மாநிலங்களவையின் இளம் உறுப்பினர் வாஜ்பாயி. ஜனசங்கத்தின் அந்தக் கோரிக்கையை நேரு ஏற்றார். ரகசியக் கூட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையை மறுத்து, மக்கள் அறியவே பேசட்டும் என்றார். நவம்பர் 8 முதல் 14 வரை மக்களவையில் 160-க்கும் மேற்பட்டோர் பேசினார்கள். சொந்தக் கட்சிக்காரர்களே நெருக்கியதால் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவியை விட்டு இறங்கினார். இவ்வளவும் நடந்தபோது போர் முடியவில்லை. எல்லையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டோம். அதே நவம்பரில் கம்யூனிஸ்ட் தலைவர்கள் நூற்றுக்கணக்கில் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் பிடித்து அடைக்கப்பட்டார்கள். சீனப் படை ஒரு மாதத்தில் நின்றுவிட்டது. அந்தப் போருக்காக அறிவித்த நெருக்கடி நிலையோ 1968 வரை நீடித்தது. சீனனைத் தடுக்க எழுதிய அந்த விதிகள் 1965-இல் யார் மேல் பாய்ந்தன என்பதைத் தமிழர்கள் மறக்கக் கூடாது. இந்தித் திணிப்பை எதிர்த்தவர்கள் மேல் பாய்ந்தன. கருணாநிதி பாளையங்கோட்டைச் சிறையில் வைக்கப்பட்டது அந்த விதிகளின்படிதான். போருக்கென்று கொண்டுவரும் சட்டம் போரோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று நமக்கு வேண்டாம்.

இப்போது ஏன் இதை எழுதுகிறோம்? ஆபத்து வாசல்வரை வந்துவிட்டது, அதனால் எழுதுகிறோம். நாட்டுக்கு வெளியே நடக்கும் போரைப் பற்றி நாட்டுக்குள் ஒருவர் பேசினால், பேசியது உண்மையா பொய்யா என்று பார்ப்பதற்கு முன்பே அவர் எந்தக் கட்சி என்று பார்க்கிறோம். நம் கட்சிக்காரர் என்றால் மனசாட்சியின் குரல், எதிர்க்கட்சிக்காரர் என்றால் தேசத்துரோகம். இந்தப் பழக்கம் ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமல்ல. தமிழ்நாட்டில் எல்லாக் கட்சிகளும் மாறி மாறிச் செய்திருக்கின்றன. அதற்கான விலையை ஈழத்திலும் இங்கேயும் மக்கள் கொடுத்திருக்கிறார்கள்.

1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கைக்கு அமைதி காக்கப் போன இந்தியப் படை அக்டோபர் 10 அன்று விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. பதினோரு நாள் கழித்து தீபாவளி வந்தது. அன்று யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையில் நோயாளிகளும் செவிலியர்களும் மருத்துவர்களும் இருந்தார்கள். மாலையில் உள்ளே நுழைந்த படை சுடத் தொடங்கியது. கதிரியக்கப் பிரிவில் ஒதுங்கியவர்கள் செத்தவர்களுக்கு நடுவில் செத்தவர்களைப் போலவே இரவெல்லாம் படுத்துக் கிடந்தார்கள். மறுநாள் காலையில் குழந்தை மருத்துவர் சிவபாதசுந்தரம் செவிலியர்கள் சிலரோடு கைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார். நாங்கள் மருத்துவர்கள், சரணடைகிறோம் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தவரைச் சுட்டார்கள். அங்கேயே இறந்தார். அந்த இரண்டு நாளில் மருத்துவமனை ஊழியர்கள் 21 பேர் உட்பட அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். புலிகள் வளாகத்துக்குள் இருந்து சுட்டார்கள், இரு தரப்புத் துப்பாக்கிச் சண்டையில் சிக்கி இறந்தார்கள் என்பது இந்தியத் தரப்பு விளக்கம். எது உண்மை என்று நாட்டு மக்கள் முன் வைக்கும் வெளிப்படையான விசாரணை இந்தியாவில் இன்றுவரை நடக்கவில்லை.

நடக்காததற்குக் காரணம், அன்று கேட்டவர்கள் வாயைக் கட்சிச் சண்டை அடைத்ததுதான். ஒப்பந்தத்தை எம்.ஜி.ஆர். ஆதரித்தார். கருணாநிதி எதிர்த்தார். ஆகவே படை செய்தது சரியா என்ற கேள்வியே அ.தி.மு.க.வா தி.மு.க.வா என்ற கேள்வியாகிவிட்டது. படை ஈழத்தில் சண்டை போட்ட காலத்தில் ஓராண்டு முழுக்க, 1988 ஜனவரி முதல் 1989 ஜனவரி வரை, தமிழ்நாட்டில் சட்டமன்றமே இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி. நம் வரிப்பணத்தில், நம் பிள்ளைகளை அனுப்பி, நம் மொழி பேசும் மக்கள் நடுவில் நடந்த ஒரு போரைப் பற்றி நாம் தேர்ந்தெடுத்த மன்றத்தில் ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் போனது.

1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திருகோணமலையை விட்டுக் கப்பலேறியது. சென்னை வந்திறங்கிய படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க மாட்டேன் என்பது அவர் நிலை. தேசத்துரோகம் என்றது காங்கிரஸ். மூன்றாண்டில் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அந்த மண்ணில் இறந்திருந்தார்கள். அதில் தமிழர்களும் உண்டு. 1987 நவம்பரில் அங்கே வீழ்ந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்கரம் கொடுத்தார்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகளில் கணவனையும் மகனையும் ஏன் அனுப்பினார்கள், எதற்காகச் செத்தான் என்று கேட்ட பெண்களுக்கு டெல்லி பதில் சொல்லவில்லை, சென்னையும் சொல்லவில்லை.

கருணாநிதிக்கு அந்தப் போரை எதிர்க்கும் உரிமை முழுக்க உண்டு. எதிர்த்தது சரிதான் என்பதே எங்கள் கருத்தும். ஆனால் கப்பலில் இருந்து இறங்கிய சிப்பாய் போரை முடிவு செய்தவன் அல்ல. அவனைப் போய்ப் பார்த்து, உன்னை அனுப்பியது தவறு என்று அனுப்பியவர்களை நோக்கிச் சொல்லியிருக்கலாம். வீரனை மதிப்பதும் போரைக் கண்டிப்பதும் ஒரே நாளில், ஒரே மேடையில் செய்யக்கூடிய காரியம். அதை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் செய்தால் மற்றதைச் செய்ய முடியாது என்று நம்மை நம்பவைத்ததுதான் இரு தரப்பும் சேர்ந்து செய்த கேடு. அந்தப் படையை முதலில் வழிநடத்திய ஜெனரல் ஹர்கிரத் சிங்கே பின்னாளில் புத்தகம் எழுதி டெல்லியின் முடிவுகளைக் கடுமையாகக் குறை சொன்னார். இருபது ஆண்டு கழித்துத் தளபதி சொன்னால் அது நினைவுக் குறிப்பு. போர் நடக்கும்போதே குடிமகன் சொன்னால் துரோகம் என்பது என்ன நியாயம்?

வைகோவின் கதை இந்த நோயை முழுசாகக் காட்டும். அவருடைய அரசியலை ஏற்பவர்களும் உண்டு, ஏற்காதவர்களும் உண்டு. இங்கே அது பேச்சல்ல. 2002 மார்ச்சில் பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியபோது அவருடைய ம.தி.மு.க. வாஜ்பாயி அரசின் கூட்டணியில் இருந்தது, அந்தச் சட்டத்தை ஆதரித்தது. ஜூன் 29 அன்று திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசினார் வைகோ. ஜூலையில் ஜெயலலிதா அரசு அவரை அதே பொடாவில் கைது செய்தது. பத்தொன்பது மாதம் வேலூர் சிறை. வார்த்தையளவில் ஆதரவு தெரிவிப்பது மட்டுமே பயங்கரவாதக் குற்றமாகாது, பயங்கரவாதச் செயலுக்கு உதவும் நோக்கம் இருக்க வேண்டும் என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பிணை கிடைத்தது.

2006-இல் தம்மைச் சிறையில் வைத்த ஜெயலலிதாவோடு கூட்டணி சேர்ந்தார். 2008 அக்டோபரில் ஈழப் போரைப் பற்றிப் பேசியதற்காகக் கருணாநிதி அரசு கைது செய்தது. 2009-இல் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் பேசியதற்குத் தேசத்துரோக வழக்கு, அதுவும் தி.மு.க. ஆட்சியில் போட்டதுதான். வழக்கு பத்தாண்டு இழுத்தது. 2019 ஜூலை 5 அன்று ஓராண்டு சிறைத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. அதே ஜூலையில் தி.மு.க. தன் ஆதரவோடு அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியது. ஒரே மனிதர், ஏறத்தாழ ஒரே பேச்சு. யாரோடு கூட்டணி என்பதைப் பொறுத்துத் துரோகியாகவும் தோழராகவும் ஆனார். தலைவர்களுக்கு இது அரசியல். போய்விட்டுத் திரும்பி வருவார்கள். ஒரு மாணவருக்கோ கூலித் தொழிலாளிக்கோ பத்தாண்டு வழக்கு என்றால் வாழ்க்கையே போய்விடும்.

2009-ஐ நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. ஜனவரியில் ஜெயலலிதா, போர் என்றால் அப்பாவிகளும் சாவது இயல்பு என்ற பொருள்படப் பேசினார். ஏப்ரலில் தேர்தல் நெருங்கியதும் தனி ஈழமே தீர்வு என்றார். பத்தொன்பது ஆண்டுக்கு முன் இந்தியப் படையை வரவேற்க மறுத்த கருணாநிதியின் ஆட்சியில், இலங்கைப் போரில் இந்தியாவின் பங்கைக் கேட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். டெல்லியில் காங்கிரஸோடு கூட்டணி, அதனால் வாய் கட்டப்பட்டிருந்தது. ஜனவரி 29 அன்று போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் என்ற இளைஞர் சென்னை சாஸ்திரி பவன் வாசலில் தீக்குளித்தார். மாணவர்கள் கொதித்தபோது கல்லூரிகளையும் விடுதிகளையும் காலவரையின்றி மூடினார்கள். ஏப்ரல் 27 அன்று முதலமைச்சர் அண்ணா நினைவிடத்தில் சில மணி நேரம் உண்ணாவிரதம் இருந்து, போர் ஓய்கிறது என்று நம்பி எழுந்தார். மே 18-க்குள் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. பேச வேண்டிய நேரத்தில் பேசவிடாமல் செய்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு ஆண்டுதோறும் அழுவதால் யாருக்கு என்ன பயன்? அழுவதற்குக்கூட அனுமதி இல்லை என்றும் ஆனது. 2017 மே மாதம் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்கு மெழுகுவர்த்தி ஏந்த வந்த மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார். அப்போது அ.தி.மு.க. ஆட்சி. சில மாதம் கழித்து உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

ஒரு உண்மையைச் சொல்லாமல் விட்டால் இந்தத் தலையங்கமும் கட்சி கட்டியதாகிவிடும். போரை விமர்சித்தவர்களைத் துரோகி என்றது அரசுகள் மட்டுமல்ல. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் ஆசிரியர் ராஜினி திராணகம இந்தியப் படையின் கொடுமைகளை எழுதினார், இலங்கை அரசின் கொடுமைகளை எழுதினார், புலிகளின் கொடுமைகளையும் எழுதினார். சக ஆசிரியர்களோடு சேர்ந்து அவர் எழுதிய ‘முறிந்த பனை’ அதற்குச் சாட்சி. 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். புலிகள்தான் செய்தார்கள் என்பதே பரவலான குற்றச்சாட்டு. அவருக்கு வயது 35. டெல்லி ‘தேசத்துரோகி’ என்று சொல்லும் இடத்தில் நம்மில் சிலர் ‘இனத்துரோகி’ என்று சொல்கிறோம். கேள்வி கேட்டவரின் வாயை அடைக்கும் வேலையை இரண்டும் ஒன்றாகவே செய்கின்றன. தமிழ்நாட்டில் புலிகள் மேல் ஒரு சின்னக் குறை சொன்னவரைக்கூட மேடையில் பேசவிடாமல் விரட்டியவர்கள், தங்களை விரட்டும்போது மட்டும் கருத்துரிமை கேட்பது செல்லாது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைக் கொன்றார்கள். அந்தக் கொடுமைக்கு எந்தச் சமாதானமும் கிடையாது. மே 7 அன்று இந்தியப் படை எல்லை தாண்டித் தாக்கியது. அந்த நாட்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். கடற்படை அதிகாரியான தன் கணவரைப் பஹல்காமில் பறிகொடுத்த இளம்பெண், முஸ்லிம்கள் மேலும் காஷ்மீரிகள் மேலும் பழி தீர்க்க வேண்டாம், அமைதி வேண்டும் என்றார். அந்த விதவையையே வசை பாடினார்கள். சண்டை நிறுத்தத்தை அறிவித்த வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியையும் அவர் குடும்பத்தையும் ஏசினார்கள். அவர் செய்தது அரசு சொன்னதை நாட்டுக்குச் சொன்னதுதான். பேராசிரியர் அலி கான் மஹ்மூதாபாத்தைச் சமூக ஊடகப் பதிவுக்காக மே 18 அன்று ஹரியானா போலீஸ் கைது செய்தது. மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பிணை கொடுத்தது. புனேயில் பத்தொன்பது வயது பொறியியல் மாணவி ஒரு பதிவுக்காகச் சிறைக்குப் போனார். பரீட்சை எழுத உயர் நீதிமன்றம் அவரை விடுவிக்க வேண்டியிருந்தது. சென்னையை அடுத்த ஒரு தனியார் பல்கலைக்கழகம் தன் உதவிப் பேராசிரியர் ஒருவரை இதே போன்ற பதிவுக்காகப் பணியிடைநீக்கம் செய்தது. இங்கே மத்திய அரசின் போலீஸ் வரவில்லை. பயத்தை நாமே உள்ளூரில் விளைவித்துக்கொள்கிறோம்.

நமக்குச் சம்பந்தமே இல்லாத படைகள் போடும் போரைப் பற்றிப் பேசவும் தடைதான். காசா போரைக் கண்டித்துக் கூட்டம் நடத்த அனுமதி கேட்ட மார்க்சிஸ்ட் கட்சியிடம், உள்நாட்டுப் பிரச்சினைகளைப் பாருங்கள், தேசபக்தர்களாக இருங்கள் என்ற பொருளில் 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னது. பாலஸ்தீனத்தை 1988-லேயே நாடாக ஏற்ற தேசம் இது. அந்தத் தேசத்தின் குடிமகன் அதைப் பற்றிப் பேசினால் தேசபக்தி குறைந்துவிடுமா?

சட்டம் இதற்குத் துணை நிற்கிறது. தேசத்துரோகப் பிரிவான 124ஏ-யை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தபோது நிம்மதி அடைந்தோம். 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு வேறு பெயரில் அதையே கொண்டுவந்துவிட்டது. பழைய பிரிவில் ஆயுள் தண்டனை அல்லது மூன்றாண்டு வரை சிறை. புதியதில் ஆயுள் அல்லது ஏழாண்டு வரை. மின்னணுத் தகவல் தொடர்பும் அதில் சேர்ந்துவிட்டது. கையில் செல்போன் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் எல்லைக்குள் வந்துவிட்டோம் என்று பொருள். மஹ்மூதாபாத் மேல் போட்ட பிரிவுகளில் இதுவும் ஒன்று.

இது எங்கே போய் முடியும் என்பதற்கு ரஷ்யாவைப் பார்க்கலாம். உக்ரைன் போர் தொடங்கி ஒன்பது நாளில், 2022 மார்ச் 4 அன்று, படையைப் பற்றிப் ‘பொய்ச் செய்தி’ பரப்பினால் பதினைந்தாண்டு வரை சிறை என்று அங்கே சட்டம் போட்டார்கள். மாஸ்கோவில் ஒரு வட்டாரக் கவுன்சில் கூட்டத்தில் சிறுவர்களுக்கு ஓவியப் போட்டி வைப்பது பற்றிப் பேச்சு வந்தது. உக்ரைனில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே போட்டி எதற்கு என்று கேட்டார் கவுன்சிலர் அலெக்ஸி கோரினோவ். ஏழாண்டு சிறை. பேசியது நாடாளுமன்றத்தில் அல்ல, நம் ஊராட்சிக் கூட்டம் போன்ற ஒரு கூட்டத்தில். ஆகஸ்ட் 15 அன்று கே.ஜி.கண்டிகை போன்ற ஒரு ஊரின் கிராம சபையில் ஒருவர் எழுந்து, ஊரில் கொடியேற்றிக் கொண்டாடும் இந்த நாளில் எல்லைக்கு அப்பால் சாகும் பிள்ளைகளுக்காகவும் ஒரு நிமிடம் எழுந்து நிற்போம் என்று சொன்னால் என்ன ஆகும்? செல்போனில் படம் பிடித்து யார் யாருக்கு அனுப்புவார்கள், எந்தக் கட்சி அலுவலகத்தில் இருந்து போலீஸுக்குப் புகார் போகும்? இந்தக் கேள்விக்கு உறுதியான பதில் நம்மிடம் இல்லை. அதுதான் எங்கள் கவலை.

போர்க்காலத்தில் எதையும் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. படை எங்கே நகர்கிறது, எந்த விமானதளத்தில் எத்தனை விமானம் என்று வெளியில் சொல்வது குற்றம்; அதைத் தண்டிக்கத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஒரு மதத்தாரை வெட்டுங்கள் என்று தூண்டுவதும் குற்றம். ஆனால் இந்தப் போர் தேவைதானா, இதில் இறந்தவர்கள் யார், தவறு செய்த அதிகாரி யார், செலவு எவ்வளவு என்று கேட்பது குடிமகனின் வேலை. 1962 தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை இன்றுவரை எந்த அரசும் முறையாக வெளியிடவில்லை. எதிர்க்கட்சியில் இருக்கும்போது கேட்டவர்களும் ஆட்சிக்கு வந்தபின் பூட்டியே வைத்தார்கள். கேள்வி கேட்பாரில்லை என்ற தைரியம்தான் அடுத்த தோல்விக்கு வழி.

நம் பகுதி மக்களுக்கு டெல்லியின் முடிவை எதிர்த்து நிற்பது புதிதல்ல. 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போனது. அது தவறு என்று மங்கலங்கிழாரும் ம.பொ.சி.யும் மக்களைத் திரட்டினார்கள். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி நம்மோடு சேர்ந்தது. விடுதலைப் போரில் சிறை சென்ற ம.பொ.சி., மத்திய அரசின் முடிவை எதிர்த்ததால் தேசபக்தி குறைந்தவராகிவிடவில்லை.

ஓட்டுக் கேட்டு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் மூன்றை நேருக்கு நேர் கேளுங்கள். நீங்கள் ஆட்சியில் இருந்தபோது பேச்சுக்காகப் போட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவீர்களா? 152-ஆம் பிரிவை நீக்க நாடாளுமன்றத்தில் வாக்களிப்பீர்களா? யாழ்ப்பாணம் மருத்துவமனையில் நடந்தது பற்றிய இந்திய ஆவணங்களை வெளியிடக் கோரி சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவீர்களா? உங்களுக்குப் பிடித்த கட்சியிடம்தான் இதை முதலில் கேட்க வேண்டும். எதிர்க்கட்சியிடம் கேட்பது எளிது. நம் கட்சியிடம் கேட்கும்போதுதான் அது உரிமை. பதில் சொல்லாமல் நழுவுபவர்களுக்கு உங்கள் ஓட்டைக் கொடுக்காதீர்கள்.